வலி போச்சு என்றவர்கள்

பிரவின் அப்பாவுக்கு, செஞ்சியிலிருந்து வெரோனிகா எழுதுவது. மாதா கிருபையால் நலம். உங்கள் இருமல் நின்றதா?

செவ்வாயன்று தொண்டூரில் நான், நீலாவதி அக்கா, விமலா, இன்னும் ஒன்பது பெண்கள் கூடியிருந்தோம். நான் கற்றுக்கொடுத்த பயிற்சியால் மூட்டுவலி குறைகிறதா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. பதினோரு பேரும் “வலி போயே போச்சு” என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் மறுபடியும் தொண்டூர் போனேன்; தூரத்தில் செஞ்சிக் கோட்டை மலை பனியில் மிதந்தது. நானும் மிதந்தபடியே நடந்தேன். எதிரே நீலாவதி அக்கா சுவரைப் பிடித்து நொண்டி வந்தார்.

“என்னக்கா, வலி போச்சுன்னீங்களே?”

“எங்கியோ புள்ளைய உட்டுட்டு வந்து கேக்குற. போவலன்னா உன் மூஞ்சி வாடிப்பூடாதா?”

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த அன்பை ஆராய்ச்சியின் முடிவாக அனுப்ப ஆண்டவர் முன் மனம் ஒப்பவில்லை. பதில்களை அழிக்காமல் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்திடமும் சொல்லிவிட்டேன். இனி வீடு வீடாகப் போய், “வலி இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை” என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதனால் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

என் நீலப் போர்வையைப் பார்சலில் அனுப்புங்கள், குளிர்கிறது. பஸ் வந்துவிட்டது. பிரவின் கோபித்துக்கொண்டானா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

வெரோனிகா