பாதியில் நின்ற விமானம்

குருநகர்,
மாசி 1995

என் பிள்ளைக்கு,

கடிதத்தைக் கண்டதும் பயப்படாதே, நல்ல செய்திதான். சண்டை நின்றதிலிருந்து வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. குண்டுக்குப் பதுங்கிய பங்கருக்குள் இப்போது விறகு அடுக்கி வைத்திருக்கிறேன்.

அப்பா மறுபடியும் பலகை சீவும் பிளேட்டைக் கையில் எடுத்துவிட்டார். நீ கொழும்பிலிருந்து கொண்டுவந்த பாரமே இல்லாத பால்சாப் பலகையில் உன் தம்பியும் அவருமாகச் செய்து பாதியில் விட்ட விமானம், தம்பியின் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. கூட்டுவதற்கு நான்தான் அந்த அறைக்குள் போவேன். அப்பா போவதில்லை. குண்டுவீச்சில் தம்பி போனதிலிருந்து விமானம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் இல்லாமல் போயிருந்தது. போன கிழமை அவராகவே போய் எடுத்துவந்தார். இறக்கைக்கு மெல்லிய தாள் ஒட்டி, முறுக்கிவிட ரப்பர் நாடாவும் பூட்டினார்.

நேற்றுக் கரையில் பறக்கவிட்டார். விர்ரென்று எங்கள் தலைக்கு மேலால் போயிற்று. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா மாமி, "மாதாவே!" என்று கருவாட்டுப் பாயிலேயே குப்புற விழுந்துவிட்டார். பிறகு செதிலைத் தட்டிக்கொண்டு எழும்பி, "அண்ணை, உங்களுக்கு விளையாட வேறை சாமான் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். கரையே சிரித்தது.

நானும் சிரித்தேன். அப்போதுதான் கவனித்தேன், நானும் மணலில் குப்புறத்தான் கிடந்தேன். அப்பா வந்து கை கொடுத்தார்.

"எழும்பும்," என்றார். "இது எங்கடை."

உன் அம்மா