விடிவெள்ளி என்று நினைத்து

பிஷ்கெக், நவம்பர்

அன்புள்ள அனார்குலுக்கு,

நீயும் நம் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முட்டிவலி குறைந்ததா? எனக்கு லேசான இருமல்தான்.

சனிக்கிழமை ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டாயே, சிரிக்காதே. கைப்பேசி அணைந்துவிட்டது. ஜன்னலில் விடிவெள்ளி தெரிந்ததும், முதல் பஸ்ஸைப் பிடிக்கப் பையோடு ஓடினேன். பஸ் நிலையம் பூட்டிக் கிடந்தது.

காவலாளி துர்சுன் சொன்னான்: "மணி ரெண்டுதான் ஆவுது, வாத்தியாரே. அது வியாழன் கிரகம்! அதை விடிவெள்ளின்னு நம்பிக் கெளம்பின வியாபாரிங்களோட கழுதைங்க பனியிலயே செத்துச்சாம். நீங்க வானசாஸ்திரம் வேற சொல்லித் தர்றீங்க!"

விடியும்வரை அங்கேயே உட்கார்ந்து, குளிரில் காய்ச்சலை வாங்கிக்கொண்டு அறைக்கே திரும்பிவிட்டேன். இப்போது பரவாயில்லை.

சாவி கொடுக்கிற கடிகாரத்தை அனுப்பு, கம்பளிக் காலுறையும். வகுப்பு மணி அடிக்கிறது.

இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், வியாழனை எனக்குத் தெரியாதா? உன்னைப் பார்க்க எப்போது விடியும் என்றே படுத்திருந்தேன், அனார்குல்.

உன் எசென்