ஆத்தூர் வெற்றிலைக்கு ஹெக்சேன் வேண்டாம்

9 ஜூன் 2025
ஆத்தூர் வெற்றிலை வந்து இறங்கியது. கிள்ளினாலே காரம் மூக்கில் ஏறுகிறது. பற்பசைக் கம்பெனிக்கு இதிலிருந்துதான் சாறு எடுத்துக் கொடுக்கிறோம்.

மதியம் சாறு வடிகட்டிக்கொண்டிருந்த முருகேஸ்வரி மயங்கி விழுந்துவிட்டாள். ஐந்து மாதம் அவளுக்கு. சாறு பிரிக்க ஊற்றுகிற கரைப்பான், அந்த ஹெக்சேன் ஆவிதான், வேறென்ன? பெட்ரோல் மாதிரி நெடி. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

10 ஜூன்
முதலாளி செந்தில்வேல் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன், இனி ஹெக்சேன் டேங்கைத் திறக்க மாட்டேன் என்று.

"ஏளா பிரேமா, பெரிய கம்பெனிக்காரனே அதைத்தான் ஊத்துதான். நீ என்னத்த ஊத்தப் போற?"

"தண்ணியும் எத்தனாலும் அண்ணாச்சி. எத்தனால் கரும்புல இருந்து வாரதுதான். கூடவே அல்ட்ராசவுண்ட். அந்த அதிர்வுல இலை உடைஞ்சு சத்து தானா வெளிய வந்திரும்."

அடுத்த ஆர்டருக்குள் சாம்பிள் தேறாவிட்டால் வேறு கெமிஸ்ட் பார்ப்பாராம். பார்க்கட்டும். தேறும்.

17 ஜூன்
முதல் சாறு. வெந்த கீரை வாசம். சீ.

18 ஜூன்
பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சுடுகிறது! அதிர்வே சூடாக்குகிறது, வாசனை எண்ணெய் ஆவியாகிப் போயிருக்கிறது. அப்போ முறை தப்பில்லை. சூடுதான் தப்பு. இது தெரிந்ததே பாதி ஜெயித்த மாதிரி.

21 ஜூன்
மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் கொண்டுவரச் சொன்னேன். லோடு ஆட்டோ ஓட்டுகிற ரெக்சன் இறக்கி வைத்துவிட்டு, "மீனே இல்லாம ஐஸ் வாங்குத மொத ஆளு நீங்கதான்க்கா" என்றான்.

பாத்திரத்தைச் சுற்றி ஐஸை நிரப்பி ஓட்டினேன். மூடியைத் திறந்ததும் கிராம்பு மாதிரி ஒரு காரம். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காரத்தால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

4 ஜூலை
பற்பசைக் கம்பெனி லேபிலிருந்து பதில். கரைப்பான் மிச்சம் துளியும் இல்லை. வீரியம் மட்டும் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு.

"கம்மின்னு போட்டிருக்கானே?" அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இலையை நிழல்ல காயவச்சு நைசா அரைச்சா ஏறிரும்."

"ஏறலைன்னா?"

"ஏறும் அண்ணாச்சி."

லேப் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம், "சரி, பெரிய மிசினுக்கு விலை கேளு" என்றார்.

2 ஆகஸ்ட்
ஏறிவிட்டது.

12 ஆகஸ்ட்
ஹெக்சேன் டிரம் எல்லாம் திரும்பிப் போயாச்சு. வந்த வியாபாரி ஒருவரிடம் அண்ணாச்சி, "நம்ம கம்பெனியில அந்த விஷமே கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாளிலிருந்தே அவர் யோசனை போல. சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன்.

19 ஜனவரி 2026
முருகேஸ்வரி வேலைக்குத் திரும்பிவிட்டாள். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், நன்றாக இருக்கிறது.

"இலை கழுவுற எடத்துல ஒக்காருதியா? அங்கன காத்தோட்டமா இருக்கும்" என்றேன். பயம் இருக்குமே என்றுதான்.

"வேண்டாம்க்கா. மிசின் பக்கத்துலயே போடுங்க."

எதையெதை எப்படி ஓட்டுவது என்று காட்டினேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வடிகட்டிய சாற்றின் மேல் குனிந்து நெஞ்சு நிறைய மோந்து பார்த்தாள்.