சதுர அடைப்புக்குறிக்குள்

2025 மார்ச் 3, திங்கள்

வேலை பங்கு பிரித்தாயிற்று. அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் கம்பஸ் இணையத்தளத்தில் கிடக்கிற பாடங்கள் எல்லாவற்றையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படுகிற மாதிரி ஆக்க வேண்டும். கண் தெரியாத பிள்ளைக்குக் கணினி வாசித்துச் சொல்லக்கூடிய நோட்ஸ். காது கேளாத பிள்ளைக்கு வீடியோவின் கீழே எழுத்து. மற்றவர்களுக்கு நோட்ஸ் வேலை. எனக்குச் சப்டைட்டில். பொருளியல், முதலாம் வருடம்.

பொருளியல் என்றால் சுபாகரன் சேர். என் புருஷன். கொரோனா காலத்தில் கல்லடி வீட்டு முன்னறையில் இருந்து அவர் பதிவு செய்த விரிவுரைகள்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான றம்லா மெடம் சொல்லிவிட்டு அங்கேயே கொஞ்சம் நின்றார். "இத வேற ஆருக்கும் குடுக்கவா, சர்மிலா?"

"வேணாம் மெடம், எனக்கு ஏலும்" என்றேன். ஏன் அப்படிக் கேட்டார்?

பின்னேரம் புருஷனோடு மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலத்தில் வரும்போது அவரிடம் சொன்னேன். சிரித்தார். "நல்லம். அப்பவாவது நான் சொல்றதக் கவனமாக் கேப்பாய்."

மார்ச் 6, வியாழன்

கணினி தானாக எழுதும் தமிழை நம்ப முடியாது. சந்தைக்கு வரும் பொருளின் அளவை அவர் "நிரம்பல்" என்றால் அது "நரம்பில்" என்று எழுதுகிறது. வரிக்கு வரி நிறுத்தி, திரும்பக் கேட்டு, திருத்த வேண்டும். பகல் முழுக்க அந்தக் குரல் ஹெட்செட்டுக்குள். வேலை முடிந்து கழற்றி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பிந்தி வெளியே வந்தால் வாசலில் அதே குரல். "ஏன் சுணங்கின?"

பாடத்தில் எவ்வளவு பொறுமை. "விளங்கல்லையெண்டா வெக்கப்படாமக் கேளுங்க பிள்ளைகள், நான் திரும்பச் சொல்றன்" என்கிறார். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியிருக்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

அம்மாவோடு கதைத்ததை அவர் என் போனில் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் என்ன கதை என்று கேட்டார். இறால் கறி பற்றி என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

மெடம் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான். காது கேட்கிற பிள்ளைக்கு என்ன கேட்குதோ, அது கேட்காத பிள்ளைக்கும் போக வேண்டும். பேச்சல்லாத சத்தம் சதுர அடைப்புக்குறிக்குள். [மழை பெய்கிறது]. [நாய் குரைக்கிறது].

இன்று ஒன்பதாம் பாடம். நடுவில் பின்னால் ஏதோ விழுகிற சத்தம். அவர் முகத்தைத் திருப்பினார். குரல் தெளிவாகத்தான் இருக்கிறது.

"செவிடி. பாடம் நடக்குதெண்டு தெரியாதா? கதவச் சாத்திட்டுக் கிட. இன்னொருக்காச் சத்தம் வந்திச்செண்டா வாயில பல்லிருக்காது."

கதவு சாத்தப்படுகிறது. அவர் கமெராவுக்குத் திரும்புகிறார். "சரி பிள்ளைகள், சமநிலை விலைக்கு வருவம்."

கதவைச் சாத்தியது நான்.

எது விழுந்தது, அன்று என்ன சமைத்தேன், அழுதேனா - ஒன்றும் ஞாபகம் இல்லை. அப்படி எத்தனையோ நாள்.

அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே போனேன். எழுதினாலும் ஆர் வாசிப்பாங்க? வாசிக்கப்போற பிள்ளைக்கு முதல் சொல்லே "செவிடி". அத நான் எப்பிடி எழுதுற?

மார்ச் 18, செவ்வாய்

சப்டைட்டில் சரியா என்று பார்த்துச் சொல்ல ஒரு மாணவியை மெடம் கூட்டி வந்தார். பிரஷாந்தி. மண்டூர்ப் பிள்ளை. சின்ன வயதில் காய்ச்சலோடு காது கேட்காமல் போய்விட்டது. காதுக்குள் கருவி இருக்கிறது, ஆனாலும் வாயைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்கிறாள். கொஞ்சம் உரத்துக் கதைப்பாள்.

ஒன்பதாம் பாடத்தில் நிறுத்தினாள்.

"மிஸ், இதில சேர் அங்கால திரும்பி என்னமோ சொல்றார். வாய் தெரியல்ல. எழுத்தும் இல்ல. முகம் கோவமா இருக்கு. என்ன சொல்றார்?"

"ஒண்டுமில்ல. பாடத்துக்குத் தேவையில்லாதது."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் இப்பிடித்தான் மிஸ் சொல்லுவாங்க. வகுப்பில எல்லாரும் சிரிப்பாங்க, என்னெண்டு கேட்டா ஒண்டுமில்ல. வீட்டில அம்மாவும் அப்பாவும் சண்டை பிடிப்பாங்க, கேட்டா ஒண்டுமில்ல. தேவையா இல்லையா எண்டு நான் பாக்கமாட்டனா?"

குரல் உரத்ததால் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூக்கைத் துடைக்கிற மாதிரி முகத்தை மறைத்தேன்.

ஒண்டுமில்ல. நான் அம்மாவுக்கும் சொல்ற சொல்லு அதுதானே.

மார்ச் 20, வியாழன்

மெடத்திடம் போனேன். நோன்பு, உதடு காய்ந்து களைத்துப் போயிருந்தார். ஒன்பதாம் பாடத்தில் ஒரு துண்டை வெட்டலாமா என்று கேட்டேன். எந்தத் துண்டு என்று அவர் கேட்கவில்லை.

"அது எனக்குத் தெரியும் புள்ள. அஞ்சு வருசமாத் தெரியும். அந்த நேரம் படிச்ச புள்ளைகள் எல்லாத்துக்கும் தெரியும்."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லயே, மெடம்."

"என்னெண்டு சொல்ற? குடும்பத்துக்குள்ள தலையிடுற மாதிரி எண்டு விட்டுட்டம். பிழைதான். நானா வெட்டமாட்டன். நீ சொன்னா வெட்டுறன். யோசிச்சிட்டுச் சொல்லு."

வீட்டுக்கு வெளியே ஒரு சத்தம் போகாமல் எவ்வளவு பாடுபட்டேன். யன்னலைச் சாத்தி, ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைத்து, கழுத்தை மறைத்து உடுத்து. பாலத்தில் என்னைக் கண்டு சிரித்த பிள்ளைகள், சந்தையில் "எப்பிடி மிஸ்" என்று கேட்டவர்கள். எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சிரிச்சிருக்காங்க. தெரியாதது காது கேக்காத புள்ளைக்கு மட்டும்.

மார்ச் 21, வெள்ளி

எழுதிவிட்டேன்.

[ஏதோ விழும் சத்தம்]
[மனைவியிடம்] செவிடி. பாடம் நடக்குதெண்டு தெரியாதா?

மீதியையும் எழுதினேன். கடைசியில் [கதவு சாத்தப்படுகிறது].

பிரஷாந்தியைக் கூப்பிட்டு முதலில் அவளுக்குக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"இது எனக்குப் பழகின சொல்லு மிஸ். உங்களுக்கு ஏன் சொன்னார்?"

அவருடைய மனைவி நான்தான் என்று நான் சொல்லியிருக்கவில்லை. என் முகத்தில் எழுதியிருந்ததாக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தாள்.

மார்ச் 25, செவ்வாய்

விரிவுரையாளர் பார்த்துச் சம்மதம் தந்தால்தான் சப்டைட்டில் இணையத்தில் ஏறும். இன்று அவருக்குப் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். பிறகுதான் கேட்டார், மெல்ல.

"நீயா எழுதின?"

"ஓம்."

"அஞ்சு வருசமா ஒருத்தனும் வாய் திறக்கல்ல. நீ எழுதிக் காட்டுறாய்."

"நீங்க சொன்னதத்தான் எழுதினன்."

கன்னத்தில் அறை விழுந்தது. பிறகு அதே மெல்லிய குரல். "மாசம் முடிய வேலைய விட்டுடு. போனத் தா."

குடுத்தேன்.

மார்ச் 26, புதன்

மெடம் கன்னத்தைப் பார்த்தார். ஒண்டுமில்லை என்று இன்று நான் சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஒபிஸ் போனில் தேற்றாத்தீவுக்கு, அம்மாவுக்கு எடுத்தேன். நம்பர் மனப்பாடம், நல்ல காலம். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே மூச்சில், கோர்வை இல்லாமல். அங்கே வந்துவிடுகிறேன், பின்னறையில் ஒரு பாயைப் போட்டுத் தா என்றேன்.

"நீ ஏன் புள்ள வரோணும்?" என்றாள் அம்மா. "கல்லடி வீடு உனக்குத் தந்த வீடு. காணி உறுதி உன்ட பேர்ல கிடக்கு. போறதெண்டா அவர் போகட்டும்."

வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். எங்கே போவது என்று இத்தனை வருடம் யோசித்தேன். அக்கம்பக்கத்தில் எல்லாப் பெண்களும் தாய் தந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், நானும்தான். அதை ஒருநாளும் என் வீடு என்று நினைத்ததில்லை. அவர் கோபிக்காமல் இருக்க வேண்டிய இடம் என்றுதான் நினைத்தேன்.

ஆனா அவர் எங்க போவார்? ஒரு சொல்லுக்குப் போற ஆளா?

மார்ச் 29, சனி

அம்மா வெள்ளெனவே பஸ்ஸில் வந்து இறங்கினாள். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கொண்டு வந்திருந்தாள். அவருக்கு வணக்கம் சொன்னாள். முன்னறையில், அவர் பாடம் எடுத்த மேசைக்கு முன்னால், கதிரையைப் போட்டு இருந்தாள்.

அவர் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தேன். தேத்தண்ணி குடுத்தேன்.

"நீங்க உங்கட அக்காட வீட்ட போங்க" என்றேன். "களுவாஞ்சிக்குடிக்கு. இண்டைக்கே."

"என்ன?"

"இது என்ட வீடு. நான் வேலைய விடமாட்டன். நீங்க போங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். "என்ன மாமி இது? புள்ளைக்குப் புத்தி சொல்லுங்க."

"என்ட புள்ளைட கன்னத்தப் பாத்தன் தம்பி" என்றாள் அம்மா.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். உள்ளே போனார். அலுமாரிக் கதவு இரண்டு தரம் அடிபட்டது. பையோடு வந்தார். "ரெண்டு நாளில நீயே கூப்பிடுவாய்" என்று சொல்லிவிட்டு, என் போனை மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

அம்மா எழும்பி வந்து என்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2, புதன்

பெருநாள் முடிந்து மெடம் வட்டிலப்பம் கொண்டு வந்தார். ஒன்பதாம் பாடத்துக்குச் சுபாகரன் சேர் சம்மதம் தரவில்லையாம், அந்த வரிகளை எடுக்கச் சொல்லி மெயில் போட்டிருக்கிறார். மெடம் எழுதிய பதிலை எனக்குக் காட்டினார். கேட்கிறவர்களுக்கு ஒன்று, கேட்காதவர்களுக்கு ஒன்று என்று வைக்க ஏலாது. முழு எழுத்தோடு போகட்டும், இல்லையென்றால் வீடியோவை எடுத்துவிட்டுப் பாடத்தைத் திரும்பப் பதிவு செய்து தாருங்கள்.

வீடியோவை இணையத்தளத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். சந்தோசமா என்று மெடம் கேட்டார். தெரியவில்லை. சாட்சியை அழித்த மாதிரியும் இருந்தது. "ஒரு பிரதி என்னட்ட இருக்கு, புள்ள. எப்பயும் தேவைப்பட்டா கேளு" என்றார்.

இனிப் பொருளியல் வேறு ஆளுக்கு. எனக்கு விலங்கியல்.

ஏப்ரல் 9, புதன்

அவர் கூப்பிட்டார். எடுக்கவில்லை. பிறகு முழுநாளும் பயம். பஸ்ஸில் போய் வருகிறேன். பாலம் வந்தால் இன்னும் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. அம்மாவும் நானும். அவருடைய அக்கா போனில் சொன்னார், "ஆம்பிள கோவத்தில சொல்றதுதான், நீதான் பொறுத்துப் போகோணும்." நான் போனை வைத்தேன். அம்மாவுக்கும் உள்ளுக்குள் கவலை, ஊர் கதைக்குமே என்று. சொல்லவில்லை, ஆனால் கோயிலுக்கு வர மறுத்துவிட்டாள்.

மே 11, ஞாயிறு

அம்மா ஊருக்குப் போய் ஒரு கிழமை. தனியாகப் படுக்கப் பழகிவிட்டேன்.

பத்து மணிபோல் கேற்றில் மணி அடித்தது. அவர். மீதிப் புத்தகங்களுக்கு வந்திருந்தார். உள்ளே வர ஓரடி வைத்து, நான் கேற்றைத் திறக்காததைப் பார்த்து நின்றார். புத்தகங்களை முன்பே பெட்டியில் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். தூக்கி வந்து கேற்றுக்கு மேலால் குடுத்தேன்.

"ஒன்பதாம் பாடம் திரும்ப எடுத்தன்" என்றார். "கம்பஸ் ஸ்டூடியோவில."

"தெரியும், மெடம் சொன்னவ."

இன்னும் ஏதோ சொல்ல நின்றார். மெலிந்திருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய். பெட்டியை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டினார்.

"அப்ப வாறன்" என்றார்.

போயிட்டு வாங்க என்று வாய்வரை வந்தது. பழக்கம்.

"சரி" என்றேன்.