செவ்வாய்க்கிழமைப் பாவாடை

சிவமயம்

கிளேட்டன், மெல்பேர்ண்
10-3-1976

அன்புள்ள மகாதேவன்,

உமது கடிதம் கிடைத்தது. உமது மகள் கமலினிக்கு மாப்பிள்ளை பார்க்கும் காரியத்தில் என்னை நம்பியிருக்கிறீர். நம்பியது சரிதானா என்று எனக்கே ஐயமுண்டு.

சிறிதரனைப் பற்றிக் கேட்டபடி விசாரித்தேன். மகள் இரஞ்சிதத்தின் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால்தான் அவர் தனியாக வாடகைக்கு இருக்கிறார். எஞ்சினியர் வேலை நிரந்தரம். குடி, புகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. என்னைக் கண்டால் "அங்கிள், சுகமோ?" என்று கேட்காமல் போகமாட்டார்.

ஆனால் ஒரு விஷயம். எழுதுவதா விடுவதா என்று இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். சனிக்கிழமை அவருடைய கொடியில் ஒரு பாவாடை தொங்கியது. தடித்த கம்பளித்துணி, கரும்பச்சையும் கருநீலமும் கட்டம், இடையில் மெல்லிய மஞ்சள் கோடு. ஈரம் சொட்டவில்லை. ஆகவே தோய்த்ததல்ல, காற்றாடப் போட்டது. மடிப்புகள் குலையாதபடி வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டிருந்தது. அப்படிப் பக்குவமாக வைத்திருப்பவள் வந்துபோகிறவளாக இருக்கமாட்டாள் என்பது என் ஊகம். இடுப்பைப் பார்த்தால் கொஞ்சம் பருத்த பெண். செவ்வாய்தோறும் மாலையில் அவர் ஒரு நீண்ட பையுடன் வெளியே போய்ப் பிந்தித் திரும்புகிறார்.

என் கண் பழைய கண். பிழையாகவும் இருக்கலாம். இதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்.

அன்புடன்,
இரத்தினசிங்கம்

*

கொக்குவில்
27-3-1976

அன்புள்ள இரத்தினம்,

முடிவு செய்யாதே என்று எழுதினால் மட்டும் போதுமா? உமது கடிதத்தை வாசித்ததிலிருந்து வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. மாப்பிள்ளையின் தாயிடம் சாதகத்தை இன்னொருவரிடம் காட்டவேண்டும் என்று சொல்லித் தவணை வாங்கியிருக்கிறேன். செவ்வாய் மாலைகளைப் பற்றி மெல்லக் கேட்டதற்கு அந்த மனுசி என்ன சொன்னா தெரியுமா? "என்ர பிள்ளை செவ்வாய்க்கிழமையில விரதம்" என்கிறா. விரதகாரன் பாவாடை காயப்போடுவானா?

அவள் வெள்ளைக்காரியா? பிள்ளைகுட்டி உண்டா? தாயும் சேர்ந்து மறைக்கிறாவா? நீர் பள்ளிக்கூடத்திலேயே விடை தெரிந்தும் கை உயர்த்தாத ஆள். இந்த முறையாவது உயர்த்தும். கமலினிக்கு இருபத்தெட்டு முடிகிறது. இதுவும் தட்டிப்போனால் அடுத்ததை எங்கே தேடுவேன்? ஆனாலும் கண்ணைத் திறந்துகொண்டு கிணற்றில் தள்ளமாட்டேன்.

விரைவில் எழுதும்.
மகாதேவன்

*

சிவமயம்

கிளேட்டன்
26-4-1976

அன்புள்ள மகாதேவன்,

பெண் ஒருத்தியும் இல்லை. பாவாடை அவருடையதே. ஆறுதலாக வாசியும்.

நேற்று இங்கே போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். இரஞ்சிதம் அணிவகுப்புப் பார்க்க நகரத்துக்குக் கூட்டிப்போனாள். முரசும் பைக்குழலுமாக ஒரு படைப்பிரிவு வந்தது. எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் முழங்கால் தெரிய அதே கட்டம்போட்ட பாவாடை, முன்னால் தொங்கும் மயிர்ப்பை, நீண்ட காலுறை. ஸ்கொட்லாந்துக்காரரின் வழியில் வந்த பிரிவாம். விழாக்களுக்கு அதுதான் சீருடை. மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு கறுத்த முழங்கால். நிமிர்ந்து பார்த்தால் சிறிதரன்.

கலைந்தபின் அவரே என்னைக் கண்டு வந்தார்.

"என்ன அங்கிள், வேலிக்கு மேலால பாத்தது காணாதெண்டு இஞ்சயும் வந்திட்டீங்களோ?"

"இது உம்மடையோ தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"வேற ஆற்ற? நீங்கள் இடுப்பில சாரத்தைச் சுத்திக்கொண்டு நிண்டு ரோசாவுக்குத் தண்ணி விடேக்க நான் ஏதும் கேட்டனானே?"

இரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு அப்பால் போய்விட்டாள்.

பகுதிநேரப் படையாம். செவ்வாய் மாலையில் பயிற்சி. ஏன் சேர்ந்தீர் என்றேன். "வேலை செய்யிற கந்தோரில மூண்டு வருசமா ஒருத்தனும் என்ர பேரைக் கேக்கேல்லை அங்கிள். அங்க சார்ஜன்ட் ஒவ்வொரு செவ்வாயும் பேரைக் கொலை செய்து கூப்பிடுறான். ஆனா கூப்பிடுறான்."

சண்டைக்கு அனுப்புவார்களா என்றும் கேட்டேன். "இன்னும் துவக்கைத் துடைக்கத்தான் தந்திருக்கினம்" என்றார். தாய் பயப்படுவா என்று எழுதவில்லையாம். கடைசியில் மெதுவாக, "ஊருக்கு எழுதிப்போட்டீங்களோ?" என்றார். நான் தலை குனிந்தேன். அதிலிருந்தே விளங்கிக்கொண்டிருப்பார்.

நல்ல பிள்ளை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதை அடித்துவிட்டு வாசியும்.

அன்புடன்,
இரத்தினசிங்கம்

*

கொக்குவில்
12-5-1976

இரத்தினம்,

பெண் என்றால் விலக்கிவிடலாம். பட்டாளத்தை எப்படி விலக்குவது? இங்கே சந்தியில் சீருடை நின்றால் நாங்கள் எதிர்ப்பக்கமாக நடக்கிறோம். நீர் அங்கே கொடி பிடித்துக் கைதட்டிவிட்டு வந்திருக்கிறீர். பாவாடையோ காற்சட்டையோ, துவக்குப் பிடிக்கும் கைக்கு என் மகளைக் கொடுக்கமாட்டேன். பெற்ற தாயிடம் விரதம் என்று சொன்னவன் மனைவியிடம் எதைத்தான் மறைக்கமாட்டான்? அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசி உம்மையும் தன் பக்கம் இழுத்திருக்கிறான் என்றே எண்ணுகிறேன்.

சாதகம் பொருந்தவில்லை என்று நேற்று ஆளனுப்பிச் சொல்லிவிட்டேன். கமலினி உமது கடிதத்தை எடுத்து வாசித்திருக்கிறாள். முழங்கால் தெரியப் போட்டால் அவருக்குக் குளிராதா என்று தாயிடம் கேட்டாளாம். அதற்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிராதேயும். இந்தக் கதை இத்துடன் சரி.

மகாதேவன்

*

சிவமயம்

கிளேட்டன்
30-5-1976

அன்புள்ள மகாதேவன்,

உமது பயம் பிழை என்று எழுத எனக்குத் தகுதியில்லை. அங்கே நடப்பதை அங்கே இருப்பவர்தான் அறிவார். நான் முதலில் சந்தேகித்து எழுதினேன். நீர் உடனே நம்பினீர். நேரில் பார்த்து நல்ல பிள்ளை என்று எழுதினேன், நம்பவில்லை. இதைத்தான் பலநாள் யோசித்தேன்.

கமலினியின் கேள்வியை வேலிக்கு அருகில் நின்று அவரிடம் சொன்னேன். சாதகம் பொருந்தவில்லை என்பதையும், உண்மைக் காரணத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவவுக்கு நானே பதில் எழுதலாமோ அங்கிள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். உம்மைக் கேட்காமல் சொன்ன ஓம்.

அவர் எழுதியதைக் கமலினி படிப்பிக்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு நானே என் கையெழுத்தில் முகவரியிட்டு வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன். இக்கடிதம் உமக்கு வரும்போது அது அவள் கையில் இருக்கும். வேண்டாம் என்று அவளே எழுதினால் அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். நீர் எழுதினால் கொடுக்கமாட்டேன்.

இனி நீர் எனக்கு எழுதாமல் விடலாம். விட்டால் அது நியாயம்தான்.

அவர் அதில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. உறையை ஒட்டித்தான் தந்தார். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் இல்லை.

இரத்தினசிங்கம்