ஸ்டெல்லாவின் பக்கத்துக் கதவு

ஆகஸ்ட் 11, 1968, ஞாயிறு இரவு.

தூக்கமே வரவில்லை. பிக்கப் வண்டியின் இடது கதவுக்குக் கீல் மாற்றிவிட்டோம்! சேலையூர் வளைவில் அது தானாகத் திறந்துகொண்ட நாளிலிருந்து ஸ்டெல்லா முன்சீட்டில் ஏறுவதே இல்லை. பின்னால் மூட்டைகளோடுதான் உட்காருவாள்.

வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்துக் கதவைப் பொருத்தினேன். அழகாகச் சாத்தியது. கீழே இறக்கியதும் இடித்தது.

"தரையில நிக்கவெச்சு மாட்ட வேணாமா மச்சான்?" என்று தலையில் அடித்துக்கொண்டான் அவள் தம்பி ஜோசப். எல்லா போல்ட்டையும் தளர்த்தி மறுபடி மாட்டினோம்.

ஸ்டெல்லா பழக்கத்தில் இரண்டு கையாலும் கதவைத் தூக்கிச் சாத்தப் போனாள்.

"தூக்காதே. ஒரு விரல் போதும்" என்றேன்.

தள்ளினாள். டப்!

உடனே முன்சீட்டில் ஏறி, "பீச்சுக்குப் போலாமா?" என்றாள்.

போனோம். இன்னும் கீல் மாற்றாத என் பக்கத்துக் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினேன்.