ஊதா நிறம் நிற்கவில்லை

6 பிப்ரவரி 1966, ஞாயிறு

நான் பாடம் நடத்தும் பள்ளியின் ஆய்வகத்தில் இன்றும் நான் மட்டும்தான். சாவி கொடுத்த தலைமையாசிரியை ஞானம்பாள், "ஏம்மா மங்கை, லீவு நாள்லகூட வூட்டுல இருக்க மாட்டியா?" என்றார். வீட்டில் பேச யார் இருக்கிறார்கள்? அனந்தபுரத்து வரனை வேண்டாம் என்ற நாளிலிருந்து நைனா என்னோடு பேசுவதில்லை. முகத்தைப் பார்க்காமலே தட்டை வாங்குகிறார்.

ஆறாவது முறை. பென்சீனில் நல்ல ஊதா வந்தது. ஜோடி சேராத ஓர் எலக்ட்ரானோடு மாதக்கணக்கில் அப்படியே இருக்கக்கூடிய பொருள் — இந்த ஊரில் சொன்னால் நம்புவார்களா? சீசாவின் கண்ணாடி மூடி இறுகிவிடாமல் நல்லெண்ணெய் தடவி மூடினேன். செக்குக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்.

9 பிப்ரவரி

சீசாவில் மஞ்சள். மறுபடியும் கெட்டுவிட்டது.

13 பிப்ரவரி

சென்னையிலிருந்து என் ஆராய்ச்சி வழிகாட்டி, பேராசிரியர் பாலசுப்பிரமணியன் எழுதியிருக்கிறார். நிறம் மாறாத சாம்பிள் ஏப்ரலுக்குள் கைக்கு வராவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவு ரத்தாகும். செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு இது ஆகாது என்று முதலிலேயே சொன்னாராம். சொன்னார்தான். வெளிச்சமா? ஈரமா? என் கை ராசியே இப்படியா? யாரைப் போய்க் கேட்பேன்... அழுதேன். அப்புறம் குழாய்களைக் கழுவி வைத்தேன்.

6 மார்ச்

அவசரத்தில் எண்ணெய்க் குப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். புதிதாகச் செய்த ஊதாவைச் சீசாவில் ஊற்றி, மூடியை வெறுமனே செருகி நூல் கட்டினேன்.

13 மார்ச்

ஊதா! ஒரு வாரமாகியும் ஊதா.

நம்ப முடியாமல், கொஞ்சத்தை வேறு குழாயில் ஊற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். கை கழுவி வருவதற்குள் மஞ்சள். எள்ளில் இருக்கும் ஏதோ ஒன்று ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த ஒற்றை எலக்ட்ரானை ஜோடி சேர்த்துவிடுகிறது. ஆக, இத்தனை நாளும் நைனாவின் எண்ணெய் எனக்குத் தெரியாமல் கல்யாணத் தரகு பார்த்திருக்கிறது. சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

28 மார்ச்

படிகங்களை உலர்த்தி, எண்ணெய் விவகாரத்தையும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

22 ஏப்ரல்

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் சிக்கிய பதில் கடிதம் இன்றுதான் வந்தது. நிறம் அப்படியே இருக்கிறதாம். ஆனால் எண்ணெயைப் பற்றிய ஒன்றரைப் பக்கத்தைத்தான் பேராசிரியர் மூன்று முறை படித்தாராம். ஜூனில் சென்னைக்கே வந்து அதையே ஆராயச் சொல்கிறார். விடுதியில் இடம் உண்டு.

நேரே கடைக்குப் போனேன். நைனா யாருக்கோ எண்ணெய் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கடிதத்தைத் தமிழில் சொன்னேன். போகிறேன் என்றும் சொன்னேன். அளந்து முடித்துப் படியைக் கீழே வைத்தார்.

"மெட்ராஸ்ல சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

மெஸ் இருக்கிறது என்றேன். அடுத்த ஆளின் குப்பியை வாங்கி அளக்கத் தொடங்கினார். கடை சாத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.